பழத்தோட்ட வயல் விழாக்களும் பயிற்சிகளும்: இராமநாதபுரம் கடலோர விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களில் கடலை ஒட்டிய ஊர்களில் பழமரம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உச்சிப்புளிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் மணல் தோட்டம் இருக்கிறது. சப்போட்டா, தென்னை, கொஞ்சம் மா, வேலியோரம் பனை. வயல் விழா, பயிற்சி என்று எங்கே நடந்தாலும் பதினாறு வருஷமாகப் போய்வருகிறேன். கடைசி ஏழெட்டு வருஷமாக அக்கம்பக்கத்துக்காரர்களையும் வேன் பேசிக் கூட்டிப் போகிறேன். வேனிலும் டீக்கடையிலும் போனிலும் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை.

வயல் விழா, பயிற்சி, செயல்விளக்கம், கண்டுணர் சுற்றுலா என்று பல பேர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரு அறையில் உட்கார்ந்து கேட்பது, பிறகு ஒரு மணி நேரம் வெளியே போய்ப் பார்ப்பது. செயல்விளக்கம் என்றால் ஒரு விவசாயியின் தோட்டத்திலேயே ஒரு பகுதியில் புது முறையைச் செய்து, பக்கத்தில் அவருடைய வழக்கமான முறையையும் அப்படியே விட்டுவைப்பது. அந்தச் செயல்விளக்கத் திடலில் பலன் கண்ணுக்குத் தெரிகிற பருவத்தில் சுற்றுவட்டார விவசாயிகளை அழைத்துக் காட்டுவதுதான் வயல் விழா. கண்டுணர் சுற்றுலா என்பது பஸ்ஸில் வேறு மாவட்டத்துக்குக் கூட்டிப் போவது.

உழவர் வயல்வெளிப் பள்ளி என்று இன்னொன்றும் உண்டு. ஒரே குழு, ஒரே வயல், பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கூடிப் பார்ப்பார்கள். 1989-ல் இந்தோனேசியாவில் நெல் பூச்சிகளுக்காகத் தொடங்கிய முறை அது. மரப்பயிருக்கு அதுதான் மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு மரம் ஒரே நாளில் தன் குணத்தைக் காட்டிவிடாது. பூக்கும்போது ஒரு தடவை, பிஞ்சு கொட்டும்போது ஒரு தடவை, காய்ப்பு முடிந்ததும் ஒரு தடவை என்று பார்த்தால்தான் பிடிபடும்.

இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்?

நம் மாவட்டத்துக்கு முதல் இடம் இராமநாதபுரத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் அங்கேயே இருக்கிறது. பேரிலேயே 'கடலோர உவர்' என்று இருக்கிற ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. (நாட்டின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அதை நடத்தியதும் நம் பல்கலைக்கழகமே.)

அடுத்தது ஒன்றியத்துக்கு ஒன்றாக இருக்கும் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையான 'ஆத்மா' திட்டத்தின் பயிற்சிகளும் சுற்றுலாக்களும் ஒன்றிய அளவில்தான் நடக்கின்றன. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம். கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். மானாவாரிப் பழமரம் என்றால் அங்கே பார்க்க வேண்டியது நிறைய. மா, சப்போட்டாவுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. 'பி.கே.எம். 1' சப்போட்டா என்று வாங்குகிறோமே, அந்தப் பி.கே.எம். பெரியகுளம்தான்.

அடுத்த நிகழ்ச்சி எப்போது?

சரியான தேதியை அந்தந்த அலுவலகம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பத்து நாள் முன்னால்தான் முடிவாகும். ஆனால் எந்த மாதத்தில் எதைப் பற்றிக் கூட்டம் நடக்க வாய்ப்பு என்பதை மரமே சொல்லிவிடும்.

தை, மாசியில் மாவில் பூவும் தத்துப்பூச்சியும். இலந்தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது. சித்திரை, வைகாசியில் பதநீர், நுங்கு, மா அறுவடை, பழ ஈ. தண்ணீரில் உப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆடி, ஆவணியில் மாங்காய் ஓய்ந்து கவாத்து. ஆவணி, புரட்டாசியில் பனை விதைப்பு, குழி எடுப்பு, கன்று தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. அப்போது கூட்டம் குறைவு, தோட்ட வேலை அதிகம்.

தேதி மாறாத சில நாட்களும் உண்டு. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், செப்டம்பர் 2 உலகத் தென்னை தினம், அக்டோபர் 15 மகளிர் விவசாயிகள் தினம், டிசம்பர் 5 உலக மண் தினம், டிசம்பர் 23 விவசாயிகள் தினம். இந்த நாட்களை ஒட்டி வேளாண்மை அறிவியல் நிலையங்கள் ஏதாவது வைப்பது வழக்கம். இரண்டு வாரம் முன்பே கேட்டு வைத்தால் பெயர் சேர்த்துக்கொள்வார்கள்.

தகவல் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு மட்டும் யாருமே சொல்வதில்லை.

இந்த வருத்தம் எனக்கும் இருந்தது. காரணம், என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் ஒன்றியத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரு தடவை நேரில் போய், ஊர், பயிர், போன் எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவித் தோட்டக்கலை அலுவலர் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலியில் அலுவலர் உங்கள் ஊருக்கு வரும் விவரமும் கிடைக்கும். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு முறை போனால் எல்லாத் துறை அலுவலர்களையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. காசில்லாத எண், தமிழிலேயே பேசலாம்.

பணம் கட்ட வேண்டுமா?

வயல் விழாவுக்கும் ஒரு நாள் பயிற்சிக்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. பல நாள் நடக்கும் பதப்படுத்தல், மதிப்புக்கூட்டல் பயிற்சிகள் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும்போது என்ன கொண்டு வரணும்?

நோட்டும் பேனாவும் அவர்களே கொடுப்பார்கள். நீங்கள் கொண்டு வர வேண்டியது உங்கள் தோட்டத்தை. தண்ணீர், மண், இலை இந்த மூன்றும் கையில் இருந்தால் அந்த ஒரு நாள் உங்களுக்கான நாள் ஆகிவிடும்.

தண்ணீர்: மோட்டாரைப் போட்டு பத்து, பதினைந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் வேண்டாம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு, மூன்று தடவை அலசிவிட்டு, காற்று நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பேர், ஊர், கிணறா போரா, எத்தனை அடி, பிடித்த தேதி. இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

மண்: நெல், மிளகாய்க்கு எடுப்பதுபோல மேலாக அரையடி சுரண்டிக் கொண்டுவந்தால் பழமரத்துக்குப் போதாது. மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழத்திலும் எடுக்க வேண்டும். மூன்றடிக் குழி எடுத்து, 30 சென்டிமீட்டர், 60, 90 என்று ஒவ்வொரு அடியிலும் தனித்தனியாக மண் எடுத்துத் தனித்தனிப் பையில் போடுங்கள். எருக்குழி பக்கம், வரப்போரம், மரநிழலில் எடுக்காதீர்கள். கடலோர மணலில் மேல் அடி நல்ல மண்ணாகவும் மூன்றாவது அடி உப்பாகவும் இருப்பது சகஜம். கன்று இரண்டு வருஷம் தளதளவென்று வந்துவிட்டு மூன்றாம் வருஷம் கருகுகிறதே, அந்தக் கதையின் முடிச்சு பல இடங்களில் அந்த மூன்றாவது அடியில்தான் இருக்கிறது.

இலை: கொழுந்தும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். நடு வயது இலையாக, நோய் உள்ளது ஒன்று, நல்லது ஒன்று. பூச்சி உயிரோடு ஒட்டியிருக்கும் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு வராதீர்கள். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் நம்மோடு வேன் ஏறி அடுத்தவர் தோப்பில் இறங்கிவிடும். போனில் படம் எடுத்து வந்தால் போதும்.

பரிசோதனை முடிவில் எண்கள் மட்டும் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

முதலில் இரண்டைப் பாருங்கள். ஒன்று மின்கடத்தும் திறன், இ.சி. என்று போட்டிருக்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது சொல்லும். பாசன நீரில் (டெசிசீமன்ஸ்/மீட்டர் அளவில்) 0.75-க்குக் கீழே என்றால் கவலை குறைவு. 0.75 முதல் 2.25 வரை என்றால் மரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். 2.25-ஐத் தாண்டினால் உப்பு அதிகம். கடல்நீர் ஏறக்குறைய 50 இருக்கும். மண்ணுக்குக் கணக்கு வேறு. 4-க்கு மேல் போனால் அது உவர் நிலம், அதாவது உப்பு மிகுந்த நிலம்.

இரண்டாவது பி.எச்., அதாவது கார அமிலத் தன்மை. 8.5-க்கு மேல் போனால் களர் பக்கம், அதாவது சோடியம் மிகுந்து இறுகிய மண்ணின் பக்கம், சாய்கிறது என்று பொருள். உவருக்கும் களருக்கும் மருந்து வேறு என்பதை அங்கே நிற்கிற விஞ்ஞானியிடம் விடாமல் கேளுங்கள். உவருக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்க வேண்டும், வடிகால் வேண்டும். களருக்கு ஜிப்சம். உவர் மணலில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டிக் காசைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கிணறு கார்த்திகையில் இனிக்கிறது, சித்திரையில் கரிக்கிறது. எந்த மாதத் தண்ணீரைப் பரிசோதிக்க?

இரண்டையும். முடிந்தால் தையிலும் ஒன்று. ஒரு வயல் விழாவுக்குத் திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி மஞ்சப்பையில் மூன்று பாட்டில் கொண்டு வந்திருந்தார். மூன்றிலும் மாதப் பெயரைப் பென்சிலால் எழுதி டேப் ஒட்டியிருந்தார். மீட்டரை ஒவ்வொன்றிலும் முக்கி எடுத்தபோது எண் ஒன்றுக்குள்ளிருந்து மூன்று வரை ஏறியது. அன்றைக்கு மைக்கில் பேசப்பட்ட எல்லாவற்றையும்விட அந்த மூன்று பாட்டில்தான் எங்களுக்குப் பாடம்.

நம் கடலோரத்தில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. காரணம் எடைதான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. இந்த வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கிவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். வாளி போட்டு இறைத்த காலத்தில் கரிக்காத ஊற்று, மோட்டார் வைத்ததும் கரித்ததற்கு இதுதான் காரணம்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு நாற்றுப்பண்ணையில் 40 மா ஒட்டுக்கன்று வாங்கி வைத்தேன். 'எந்தத் தண்ணீருக்கும் வரும்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கிணறு வற்றியதும் போர் போட்டேன். தண்ணீர் குறைந்தபோது இன்னும் ஆழமாக இறக்கினேன். அடுத்த கோடையில் இலை நுனியிலிருந்து பழுப்பு ஏறியது, ஓரமெல்லாம் தீய்ந்தது. உரம் பற்றவில்லை என்று நினைத்துப் பொட்டாஷ் வேறு வைத்தேன். கடையில் பொட்டாஷ் என்று கொடுப்பது பெரும்பாலும் மூரியேட், அதில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. உப்பில் கருகுகிற மரத்துக்கு மேலும் உப்பு. பதினொரு மரம்தான் மிஞ்சியது. அதன் பிறகு வந்த ஒரு வயல் விழாவில்தான் கிணற்றை ஆழப்படுத்துவதற்குப் பதில் அகலப்படுத்து, ஒரே நேரத்தில் உறிஞ்சாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறை, பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் வடிவில் வை என்று கேட்டுக்கொண்டேன்.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் உப்புப் பிரச்சினை தீருமா?

குறையும், தீராது. சொட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் பானை வடிவத்தில் பரவும். உப்பு அந்தப் பானையின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கேயே படியும். வேர் பானைக்குள் இருக்கும்வரை மரத்துக்கு நிம்மதி.

ஆபத்து எப்போது என்றால், கோடையில் திடீரென்று ஒரு சிறு தூறல் விழும்போது. மழைதான் வந்துவிட்டதே என்று நாம் சொட்டை நிறுத்துவோம். அந்தத் தூறல், விளிம்பில் படிந்த உப்பைக் கரைத்து நேராக வேருக்குள் இறக்கிவிடும். பெருமழை என்றால் உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும், தூறலுக்கு அந்த வலு இல்லை. அதனால் உப்பு நிலத்தில் லேசான மழை பெய்யும்போது சொட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதை முதலில் கேட்டபோது யாருமே நம்பவில்லை. எங்கள் வேனில் வந்த ஒருவர் வீடு திரும்பும் வழியெல்லாம் "மழையில யாராவது தண்ணி பாய்ச்சுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்த சித்திரையில் பாய்ச்சினார்.

மானியம்: தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். விண்ணப்பத்துக்குத் தோட்டக்கலை அலுவலகம்.

கடல் பக்கத் தோட்டத்துக்கு எந்தப் பழமரத்தைப் பற்றி விழாவில் கேட்கலாம்?

என் அனுபவத்தில் முதல் இடம் சப்போட்டாவுக்கு. அது நிற்பது பாலை மரத்தின் வேரில். சப்போட்டாவை ஒட்டுக்கட்ட அடிமரமாக வைப்பது அந்தப் பாலையைத்தான். கிழக்குக் கடற்கரைக் காடுகளில் தானாக வளரும் மரம். வறட்சியும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். கன்று வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே பாலை கிளைத்தால் அதைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சப்போட்டாவை அமுக்கிவிட்டுப் பாலை மேலே வந்துவிடும்.

இலந்தை, நெல்லி, விளா, நாவல், சீத்தா என்று மானாவாரி மரங்களைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். தென்னை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கொய்யாவும் மாதுளையும் நடுத்தரம். மாவும் எலுமிச்சையும் உப்புக்குப் பயந்தவை. பெரியபட்டினம், ரெகுநாதபுரம் பக்கம் மாமரத்தைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஊரில் கிழக்குக் கிணறு ஒரு ருசி, மேற்குக் கிணறு ஒரு ருசி.

பனையைப் பழமரம் என்று யாரும் மேடையில் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. நுங்கும் பனம்பழமும் பழம் இல்லையா? உப்புத் தண்ணீரும் வேண்டாம், நல்ல தண்ணீரும் வேண்டாம், கச்சான் காற்றில் தோப்புக்கே வேலியாக நிற்கிற மரம். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றினால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்குச் சந்தை தேடி வருகிறது. அரசும் 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனைக்குத் தனித் திட்டம் அறிவித்து, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றது. பனைக்கும் ஒரு வயல் விழா வையுங்கள் என்று போகிற கூட்டத்திலெல்லாம் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

இலந்தைக் கவாத்துப் பயிற்சியில் மரத்தையே மொட்டை அடிக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் மனசு பதறியது. ஆனால் இலந்தை அந்த வருஷம் துளிர்க்கும் புதுக் கிளையில்தான் பூக்கும். பழைய கிளையை விட்டுவைத்தால் மரம் முள்ளும் குச்சியுமாக அடர்ந்து, காய் சிறுத்துப் போகும். அதனால் அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வெட்ட வேண்டும்.

பயிற்சியில் அரிவாளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்கள். கவாத்துக் கத்தரியும் சிறு ரம்பமும்தான். மொட்டுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழிந்துவிடுகிற மாதிரி சாய்வாக ஒரே வெட்டு. வெட்டியபின் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். வழவழவென்று இருக்க வேண்டும். என் வெட்டில் பட்டை ஒரு விரல் நீளம் உரிந்து தொங்கியது. அவர் திட்டவில்லை. தன் கத்தரியைக் கொடுத்து, வெட்டும் அலகு மரத்தில் தங்கும் பக்கமாக இருக்க வேண்டும், தாங்கும் அலகு விழப்போகும் பக்கமாக இருக்க வேண்டும் என்று என் கையைத் திருப்பிக் காட்டினார். அதுவரை நான் கத்தரியைத் தலைகீழாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்டிய பெரிய காயங்களுக்கு மருந்துப் பசை தடவினார்கள்.

வேலியில் நிற்கிற காட்டு இலந்தையை வெட்டி எறியாதீர்கள். அது இருக்கிற இடத்திலேயே நல்ல ரகத்தின் மொட்டை வைத்து ஒட்டுக்கட்டலாம். ஆழத்துக்குப் போன ஆணிவேர் அப்படியே கிடைக்கிறது. இதையும் அதே பயிற்சியில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பழ ஈப் பொறி மாட்டினேன். நிறைய விழுந்தது. ஆனாலும் மாங்காயில் புழு. பொறி ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. பொறிக்குள் வைக்கும் மீத்தைல் யூஜினால் என்ற மருந்தின் வாசனைக்கு வருவது ஆண் ஈ மட்டும். முட்டை இடுவது பெண் ஈ. ஆண் குறையக் குறைய இனப்பெருக்கம் குறையும். அதற்கு ஊரே சேர்ந்து மாட்ட வேண்டும், காய் முற்றுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். ஒரு தோப்பில் மட்டும் பழுக்கும் நேரத்தில் மாட்டினால் பக்கத்துத் தோப்பு ஈ பறந்து வரும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூண்டுப்புழு ஆகிறது. கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் வெயிலும் கோழியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இலந்தை ஈக்கும் இதே கைவேலை பலன் தரும்.

தென்னையில் வெள்ளை ஈ. கீழே நிற்கிற கொய்யா இலையெல்லாம் கரி பூசினாற்போல இருக்கிறது.

சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் கரும்பூசணம் படர்வதால்தான் இலை கறுப்பாகிறது. கறுப்பைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி இருக்கிறது, மருந்து அதையும் சேர்த்துக் கொல்லும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, குளவி உள்ள ஓலைத் துண்டுகளை வாங்கிக் கட்டுவது. வயல் விழாவில் குளவி ஏறிய கூட்டுப்புழுவை லென்ஸ் வழியாகக் காட்டச் சொல்லுங்கள். கறுத்திருக்கும். அடுத்த நாள் உங்கள் தோப்பில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

பெண்கள் வரலாமா?

வர வேண்டும். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பழம் பொறுக்குவதும் தரம் பிரிப்பதும் யார்? பயிற்சிக்கு மட்டும் ஆண்கள் போனால் பாதிப் பாடம் வீட்டுக்கு வருவதில்லை. தனியாக வரத் தயக்கமாக இருந்தால் மகளிர் குழுவாகப் பெயர் கொடுங்கள். பதப்படுத்தும் தொழில் தொடங்க நினைப்பவர்கள் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். தனிநபர் தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம்.

கடல்பாசி வளர்க்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்று. நீங்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியைப் பச்சையாகப் பிழிந்து எடுக்கும் சாற்றை இலைவழித் தெளிப்பாகப் பயிருக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பாசியை ஆராய்கிற மத்திய அரசு நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. பாசி வளர்ப்பவரும் பழம் வளர்ப்பவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, சாறு மட்டும் வெளியூர் பாட்டிலில் வருகிறது.

எனக்குச் சொந்த நிலம் இல்லை, குத்தகைத் தோப்பு.

வயல் விழாவில் யாரும் பட்டா கேட்பதில்லை. மானியத்துக்குத்தான் ஆவணம் வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் வயல் விழா நடத்த முடியுமா?

முடியும். அதற்கு முன்னால் உங்கள் தோட்டத்தில் செயல்விளக்கத் திடல் அமைய வேண்டும். வேளாண்மை அறிவியல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தேர்வானால் ஒரு பகுதியைப் புது முறைக்கும் ஒரு பகுதியைப் பழைய முறைக்கும் ஒதுக்கி, இரண்டையும் நேர்மையாகப் பராமரிக்க வேண்டும். புது முறைப் பகுதிக்கு மட்டும் கூடுதல் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பலன் வந்தது என்று காட்டினால் நூறு பேர் அதை நம்பிப் போய் நட்டப்படுவார்கள். விழா நாளன்று நிழல், குடிதண்ணீர், வண்டி நிறுத்த இடம், பெண்களுக்குக் கழிப்பறை நான்கும் தயாராக இருக்கட்டும். தோற்றுப்போன மரத்தை மறைக்காமல் அதன் பக்கத்திலும் ஒரு அட்டை வையுங்கள். வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

கம்பெனிக்காரர்கள் டிராகன் பழக் கூட்டம் நடத்துகிறார்கள். போகலாமா?

போய்க் கேளுங்கள், அன்றைக்கே முன்பணம் கொடுக்காதீர்கள். டிராகன் கள்ளிச்செடி வகை என்பதால் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு செடிக் கூட்டத்துக்கும் கல்தூணும் மேலே வளையமும் வேண்டும், முதலீடு பெரிது. நம் கோடை வெயிலில் தண்டு வெந்து மஞ்சளாகும், நிழல் கொடுக்க வேண்டியிருக்கும். இராமநாதபுரம் கடலோரத்தில், என் கிணற்று இ.சி. அளவில், மூன்று வருஷம் தாண்டிய தோட்டம் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் அந்த விவசாயியிடம் தனியாகப் பேசுங்கள்.

கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கேள்வியைச் சீட்டில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் டீ கொடுக்கும் நேரத்தில் விஞ்ஞானியின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

புதுமடம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூன்று கூட்டத்துக்கு எங்களோடு வந்தும் வாய் திறந்ததில்லை. நான்காவது தடவை எல்லோரும் வேனில் ஏறிவிட்டோம். அவர் மட்டும் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சப்போட்டாப் பழத்தை எடுத்து, கிளம்பத் தயாரான விஞ்ஞானியிடம் நீட்டி, "இது முத்துனதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்? வியாபாரி எப்பவும் பிஞ்சுங்கறான், வெல குறைக்கறான்" என்றார். விஞ்ஞானி அப்படியே வரப்பில் உட்கார்ந்து, பழத்தின் மேலிருந்த பழுப்புப் பொடியைப் பெருவிரலால் தேய்த்தார். பொடி உதிர்ந்தது. நகத்தால் லேசாகக் கீறினார். பச்சையாகத் தெரிந்தால் பிஞ்சு, மஞ்சளாகத் தெரிந்தால் முற்றல் என்றார். கீறல் மஞ்சளாக இருந்தது. வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி அந்தப் பழத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தோம். வீடு வந்து சேர மணி ஒன்பது ஆகிவிட்டது.